தலைவரின் வால்

நாணல் குளத்துத் தவளைகள் அந்த வருடம் கார்முகிலனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. கோடையில் குளம் வற்றிக்கொண்டிருந்தபோது அவர் பாறையில் ஏறி மழைச்சாமியைப் பார்த்துப் பாடினார். மறுநாளே மழை கொட்டியது. வேறு யாருக்கு ஓட்டுப் போடுவது?

கார்முகிலன் நல்லவர்தான். பக்தியும் வேஷமில்லை. மின்னல் வெட்டும்போது மழைச்சாமி தவளைகளை முழு உருவத்தோடு மேகத்திலிருந்து இறக்கிவிடுகிறது என்று மனதார நம்பினார். சின்ன வயதில் தனக்கும் வால் இருந்ததை மட்டும் அவர் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார். தாமரை இலை நிழலில் குவளை டீச்சர் தலைப்பிரட்டைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"முதல்ல நாம எல்லாரும் முட்டை. அப்புறம் வாலோட நீந்துவோம். பிறகு கால் முளைக்கும், வால் சுருங்கும், தவளை ஆயிடுவோம். பெரிய தவளைங்க ஜோடி சேர்ந்து மறுபடி முட்டை போடும்."

கார்முகிலனுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? பச்சைப் பிள்ளைங்ககிட்ட முட்டை, ஜோடின்னு பேசலாமா? மழைச்சாமி நம்மை இறக்கிவிட்டதுன்னு சொல்லிக் கொடுங்க, போதும்."

"நானும் மழைச்சாமியைக் கும்பிடுறவதான் ஐயா. ஆனா இதுங்களுக்கு இன்னைக்கோ நாளைக்கோ கால் முளைக்கப் போகுது. என்ன நடக்குதுன்னு தெரிய வேண்டாமா?"

"முளைக்கும்போது தானாத் தெரியும். நமக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் சொல்லலை. அதனாலதான் நான் பயந்துபோய்ப் பாசிக்குள்ள ஒளிஞ்சு கிடந்தேன்" என்றாள் டீச்சர்.

அது அவர் காதில் ஏறவில்லை. அன்று மாலையே உத்தரவு வந்தது. வால் பாடம் ரத்து. குவளை டீச்சர் வாய்க்கால் பக்கம் கொசு பிடிக்கும் வேலைக்கு மாற்றப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிறகு நாள் முழுக்க மழைப் பாட்டுதான். கேட்க இனிமையாகவே இருந்தது.

ஆனால் கால்கள் உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. தலைவரின் மகள் மின்னியே ஒருநாள் அவரிடம் வந்து நின்றாள்.

"அப்பா, வாலுக்குப் பக்கத்துல ரெண்டு கட்டி மாதிரி வருதுப்பா."

கார்முகிலன் வானத்தைப் பார்த்தார். "பாட்டைக் கொஞ்சம் சத்தமாப் பாடும்மா. சரியாயிடும்."

மின்னி தொண்டை வறளப் பாடினாள். கட்டிகள் நீண்டன. முன்பக்கமும் இரண்டு முளைத்தன. வால் சுருங்க ஆரம்பித்தது. சாமிக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவிடம் மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. கோரைப் புல்லுக்குள் போய் அழுதாள்.

அங்கே தண்ணீர்ப்பாம்பு வந்தது. ஒரே ஒரு பிள்ளை அதற்கு ஒரு வாய்க்குக்கூடப் போதாது. அதனால் பதமாகப் பேசியது.

"அழாதே கண்ணு. இது பொல்லாத வியாதி. எங்கிட்ட மருந்து இருக்கு. நாளைக்கு மதியம் என் பொந்துக்கு வா. இதே மாதிரி இருக்கிற பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா. பெரியவங்ககிட்ட மட்டும் மூச்சு விடாதே, அவங்களுக்கு அவமானம்."

மின்னிக்குப் பாம்பென்றால் பயம்தான். ஆனால் குளத்தில் இதைப் பற்றி அவளிடம் பேசிய ஒரே ஆள் அதுதான். வகுப்பில் மெல்ல விசாரித்தாள். பாதிப் பேர் இதே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் கார்முகிலன் பாட்டுக் கேட்க ஆசையாக வந்தார். பள்ளிக்கூடத்தில் பாதி இடம் காலி.

"எங்கே மற்றவங்க?"

இருந்தவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மருந்து வாங்கப் பாம்பு மாமா பொந்துக்குப் போயிருக்காங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."

கார்முகிலன் பொந்தை நோக்கிப் பாய்ந்தார். வாழ்நாளில் அப்படித் தாவியதில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பொந்து வாசலில் வரிசையாக நின்றார்கள். முதலில் மின்னி. உள்ளே பாம்பு வாயை மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

"மின்னி, திரும்பி வா! அது மருந்து இல்லை!"

"அப்போ என் வியாதி?"

"வியாதியே இல்லைம்மா. அது கால்! எனக்கும் அப்படித்தான் முளைச்சது. எனக்கும் வால் இருந்தது!"

அது குளம் முழுக்கக் கேட்டது. மின்னி திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குமா?"

"எனக்கும், உங்கம்மாவுக்கும், எல்லாருக்கும். காலை மடக்கிப் பின்னாலே உதை!"

மின்னி உதைத்தாள். அவளே எதிர்பார்க்காத வேகத்தில் பாய்ந்து வந்து அப்பாவின் மேல் மோதினாள். மற்ற பிள்ளைகளும் உதைத்தார்கள். கிளம்பிய சேறு பாம்பின் திறந்த வாயை நிரப்பியது.

கார்முகிலன் அங்கிருந்து நேராக வாய்க்காலுக்குப் போனார்.

"வந்துடுங்க டீச்சர். நான் செஞ்சது தப்பு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மழைச்சாமி கோவிச்சுக்காதுல்ல?"

"சாமி கொடுத்த காலைப் பத்தித்தானே சொல்லிக் கொடுக்கிறோம், எதுக்குக் கோவிச்சுக்கும்?" என்றாள் குவளை டீச்சர்.

மறுநாள் காலை முதலில் மழைப் பாட்டு, அடுத்து வால் பாடம். கார்முகிலன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தலைவரே, உங்க வால் எவ்வளவு நீளம்?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இவ்வளவு" என்றார். அது கொஞ்சம் அதிகம்தான்.

பெரியவர்கள் தங்கள் நம்பிக்கையின் பேரால் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய உண்மையை மறைத்தால், அந்த இடத்தில் பொய் சொல்கிறவன் வந்து உட்கார்ந்துகொள்வான்.