அத்தி தன் பூவை உள்ளே வைத்துக்கொண்டது

அந்தக் காலத்தில் மரங்களும் பேசின. பூதான் அவற்றுக்கு நாக்கு. பூத்திருக்கும் நாட்களில் பேசும், பூ உதிர்ந்ததும் அடங்கிவிடும். மாதுளை படபடவென்று பேசும். ஒலிவ மரம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மூன்று நாள் யோசிக்கும். அத்திதான் நெடுநாள் பூத்திருக்கும் மரம், ஆகவே அதிகம் பேசியதும் அதுதான். அத்திப் பூ அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கிளையில் வெளியே பூத்தது. கையகலப் பூ, நடுவில் நூற்றுக்கணக்கான செந்நிற இழைகள். ஒரு பூ மலர்ந்தால் தெரு முழுவதும் மணக்கும்.

யூதேயா மலைநாட்டில் பெத்-ஏலா என்ற சிற்றூரில் எமீமாள் என்றொரு பெண் இருந்தாள். வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. கணவன் எலியாப் காய்ச்சலில் போய்ப் பதினோரு வருடம். பிள்ளை இல்லை. ஒரு வீடு, அதன் பின்னால் ஒரு சின்னத் தோட்டம், தோட்டத்தின் நடுவில் ஓர் அத்தி மரம், ஊருக்கு வெளியே கொஞ்சம் வாற்கோதுமை நிலம். இவ்வளவுதான் அவள் உடைமை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஒன்பது வயதில் ஒருமுறை கேட்ட காலடிச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும்.

மேற்கு மலையில் வெயில் சாய்ந்து, கடல் பக்கமிருந்து காற்று ஏறி வரும் வேளையில், ஆண்டவர் தோட்டங்களின் ஊடே நடந்து போவார் என்று அந்நாளில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்த்ததில்லை. சருகின்மேல் காலடி படும் சத்தம் மட்டும் சிலருக்குச் சில நாள் கேட்கும். அப்பாவோடு திராட்சைத் தோட்டத்தில் நின்றிருந்தபோது எமீமாள் அதைக் கேட்டாள். அவசரம் இல்லாத நடை. அப்பா தலை குனிந்து நின்றார். அவளுக்குப் பயமே வரவில்லை. வழி தவறி நெடுநேரம் அலைந்துவிட்டுச் சொந்த வீட்டு வாசலைக் கண்டதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு நாற்பது வருடமாக ஒரு மாலைகூட அவள் காது கொடுக்காமல் இருந்ததில்லை. சத்தம் வரவில்லை.

கணவன் போன பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஊரின் இரைச்சல்தான் தடை, மனிதர் கால் படாத இடமாக இருந்தால் அவர் வருவார். ஆளை அமர்த்தித் தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கல்மதில் எழுப்பினாள். கதவைத் தாழிட்டாள். அத்திக்குப் போகும் வழியில் தினமும் மண்ணைச் சலித்துப் பரப்பி வைத்தாள், காலடி பட்டால் தெரியட்டும் என்று. பூவில் ஒன்றைக்கூட யாருக்கும் பறித்துக் கொடுக்கவில்லை. பழங்களை உலர்த்திப் பானைகளில் போட்டு மூடினாள். கேட்டவர்களிடம், "இது எனக்காக அல்ல. அவருக்காக வைத்திருக்கிறேன்" என்றாள். அதை அவள் உண்மையாகவே நம்பினாள்.

அவளைச் சட்டப்படி யாரும் குறை சொல்ல முடியாது. நிலத்தின் ஓரத்தில் விளைந்ததை ஏழைகளுக்கு விடவேண்டும் என்பது மோசே தந்த கட்டளை. அதை ஒரு கதிர் குறையாமல் விட்டாள். சபாத் என்னும் ஓய்வுநாளின் விளக்கை ஒரு வாரமும் ஏற்றத் தவறியதில்லை.

மாலையானால் அத்தியின் அடியில் உட்கார்ந்துகொள்வாள்.

"இன்று வருவாரா?" என்பாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நானும்தான் காத்திருக்கிறேன்" என்று அத்தி சொல்லும். "இவ்வளவு பூவும் யாருக்காகப் பூக்கிறேன் என்று நினைத்தாய்?"

இரண்டு பேருக்கும் ஒரே ஏக்கம். அதனால் வேறு துணை வேண்டியிருக்கவில்லை.

மழை பொய்த்த வருடம் ஒன்று வந்தது. அந்த வருடத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து சத்தம் ஒன்று தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. சரியாக வெயில் சாயும் நேரத்தில் திரிகை சுற்றும் சத்தம். கரகரவென்று நெடுநேரம் ஓடும். எமீமாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் எழுந்து போய் அந்த வீட்டு வாசலில் நின்றாள்.

அது பெனின்னாளின் வீடு. சின்னவள், இருபத்தைந்து வயது இருக்கும். கணவன் உப்பு வணிகர்களோடு தெற்கே வேலைக்குப் போய் எட்டு மாதமாகத் தகவல் இல்லை. அவன் போன பிறகு பிறந்த பெண் குழந்தை இடுப்பில் இருந்தது.

"வெயில் சாயும் நேரத்தில் மட்டும் திரிகையை நிறுத்தேன் அம்மா" என்றாள் எமீமாள். "மற்ற நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அரைத்துக்கொள்."

பெனின்னாள் தரையைப் பார்த்தாள். "இந்தச் சந்தில் எல்லோரும் அப்போதுதானே அரைக்கிறார்கள் அம்மா. நானும் அப்போதே அரைத்தால்தான்..." என்று இழுத்தவள் முடிக்கவில்லை. "சரி, மெதுவாகச் சுற்றுகிறேன்."

அரைத்தால்தான் என்ன என்று எமீமாள் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

ஒரு வாரம் கழிந்தது. வெயில் மலையுச்சியைத் தொடும் நேரத்தில் தோட்டக் கதவை யாரோ தட்டினார்கள். எமீமாள் போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். பெனின்னாள் குழந்தையோடு நின்றாள்.

"என்ன?"

"ஒன்றுமில்லை அம்மா. சும்மாதான்." குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "பூ நன்றாக மணக்கிறது."

"இது நான் காத்திருக்கும் நேரம். காலையில் வா, பேசலாம்."

"சரி அம்மா" என்று அவள் போய்விட்டாள். காலையில் வரவில்லை.

எமீமாள் மரத்தடிக்குத் திரும்பியபோது அத்தி சொன்னது: "வந்தவளை அனுப்பிவிட்டாய்."

"அவள் ஒன்றும் கேட்கவில்லையே."

"நீ அவரை எப்படி எதிர்பார்க்கிறாய்? வந்து நின்று, எனக்கு இது வேண்டும் என்று கேட்பார் என்றா?"

எமீமாளுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் மரத்தோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மதில்மேல் ஒரு கௌதாரி வந்து உட்கார்ந்தது. ஊரில் சிந்தும் தானியமணி பொறுக்கி வாழும் பறவை, எந்த வீட்டில் என்ன உண்டு என்று அதற்குத் தெரியும். "அந்தச் சந்தில் எல்லா வாசலுக்கும் போய் வருகிறேன். பெனின்னாள் வாசலுக்கு மட்டும் போவதில்லை" என்றது.

"ஏன்? தினமும் அரைக்கிறாளே. சிந்தாமலா இருக்கும்?"

"மணி போட்டு அரைத்தால் திரிகையின் குரல் தடித்திருக்கும். அவள் வீட்டுத் திரிகை கல்லோடு கல் உரசுகிறது. அறுவடை முடிந்த நாளிலிருந்து அப்படித்தான். வெறும் திரிகையைச் சுற்றுகிறாள், நம் வீட்டிலும் அரைக்கிறார்கள் என்று மற்றவர்கள் நினைக்கட்டுமென்று. இப்போது அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று இன்னும் வேகமாகச் சுற்றுகிறாள்."

கௌதாரி பறந்து போனது. எமீமாள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அந்தச் சத்தம் நிற்க வேண்டும், நின்றால் ஆண்டவரின் காலடி கேட்கும் என்று இத்தனை நாளும் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

எழுந்து ஒரு கூடை நிறைய அத்திப்பழம் பறித்தாள். பக்கத்தில் மலர்ந்திருந்த பூக்களின் மணம் பழத்திலும் கூடையிலும் அவள் கையிலும் ஏறியிருந்தது. சந்துக்குள் நுழைந்ததுமே வாசல்தோறும் பெண்கள் வெளியே வந்தார்கள். "எமீமாள் தோட்டத்துப் பழமா? பெனின்னாளுக்கா? ஏன், அவள் வீட்டில் என்ன இல்லை?" என்று ஒருத்தி கேட்டாள். பெனின்னாள் வாசலுக்கு வந்து கூடையையும் கூட்டத்தையும் பார்த்தாள். முகம் சாம்பலாய்ப் போனது.

"என் வீட்டில் மாவு இருக்கிறது அம்மா. கொண்டு போங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே திரிகை சுற்ற ஆரம்பித்தது.

கனத்த கூடையோடு எமீமாள் தோட்டத்துக்குத் திரும்பினாள். மரத்தில் சாய்ந்து அழுதாள்.

"கொடுக்கத்தானே போனேன்" என்றாள்.

"போனாய். என் பூ உனக்கு முன்னால் போய் ஊரைக் கூட்டிவிட்டது" என்றது அத்தி. பிறகு சொன்னது: "எமீமாள், நான் உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் வந்தால் என் பூவைப் பார்க்கத்தான் வருவார் என்று நினைத்திருந்தேன். நீ உன் மதிலைப் பார்த்து நினைத்தாயே, அதேபோல. அவர் நடக்க இந்தத் தோட்டத்தில் இடம் எங்கே இருந்தது? எல்லாவற்றையும் நீயும் நானும் அடைத்துக்கொண்டிருந்தோம்."

"இப்போது என்ன செய்வது?"

"மதிலில் அவள் வீட்டுப் பக்கத்தை இடி. என் கீழ்க்கிளை அவள் முற்றத்தின் மேல் நீளும். உதிர்வது உதிரட்டும். யார் கொடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே நாளில் எல்லாம் பழுத்தால் அழுகிப்போகும். நான் நாளுக்கு நாலைந்தாகப் பழுக்கிறேன், அவளுக்குத் தினமும் கிடைக்கும்."

"உன் பூ? அதன் மணம்?"

"பூவை உள்ளே வைத்துக்கொள்கிறேன். காயின் வயிற்றுக்குள். வெளியே தெரியாது, மணக்காது."

எமீமாள் நிமிர்ந்து பார்த்தாள். "பூதானே உன் நாக்கு. உள்ளே வைத்துக்கொண்டால் எப்படிப் பேசுவாய்?"

கேட்டு முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருடமாக மாலைகளில் அவளோடு பேசிய ஒரே குரல் அது.

"வேறு வழி இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம். நமக்குத் தெரிந்தது இதுதான். குழந்தைக்குப் பசி." பிறகு தாழ்ந்த குரலில், "உன்னோடு உட்கார்ந்து காத்திருந்த மாலைகள் நன்றாக இருந்தன" என்றது.

அதுதான் அத்தி கடைசியாகப் பேசியது. இதழ்கள் ஒவ்வொன்றாக மடங்கின. செந்நிற இழைகள் சுருண்டு காம்புக்குள் இறங்கின. அவற்றைச் சுற்றிப் பச்சைத் தோல் மூடிக்கொண்டது. மணம் அற்றுப்போன தோட்டத்தில் எமீமாள் கடப்பாரையை எடுத்தாள்.

கூலிக்கு ஆள் வைத்து எழுப்பிய மதிலைத் தன் கையாலேயே பிரித்தாள். மூன்று நாள் ஆனது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. சலித்துப் பரப்பியிருந்த மண்மேல் கற்கள் விழுந்தன. அந்த மூன்று மாலையும் வெயில் எப்போது சாய்ந்தது என்று அவள் கவனிக்கவில்லை. மதில் இறங்கியதும் கீழ்க்கிளை ஆடிக்கொண்டே அந்தப் பக்கம் சாய்ந்தது.

பெனின்னாள் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எமீமாள் தூசியும் வியர்வையுமாக இடைவெளியில் நின்றாள்.

"பெனின்னாள், எனக்கு ஓர் உதவி செய்வாயா?" என்றாள். "என் கையைப் பார். இனி என்னால் திரிகை பிடிக்க முடியாது. என் வாற்கோதுமையை உன் திரிகையில் அரைத்துக் கொடு. பாதியை நீ எடுத்துக்கொள். நீ அரைக்கும்போது குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன். சாயங்காலத்தில் தனியாக உட்கார்ந்திருக்க இப்போது என்னால் முடியவில்லை."

கடைசியில் சொன்னது உண்மை என்று அவள் குரலிலேயே தெரிந்தது. பெனின்னாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒரு துணியை நனைத்து எடுத்து வந்து, கட்டிவிட்டாள்.

அன்று முதல் அந்தத் திரிகையின் குரல் தடித்தது. முற்றத்தில் தினமும் நாலைந்து பழம் உதிர்ந்தது. சந்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்க ஒன்றும் இல்லை. பெனின்னாளுக்குப் பால் ஊறியது.

ஒருநாள் வெயில் சாயும் வேளை. அரைத்துக் களைத்த பெனின்னாள் சுவரோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள். குழந்தை எமீமாளின் மடியில் அப்போதுதான் கண்ணை மூடியிருந்தது. மதில் இருந்த இடத்துக்கு அப்பால், அவள் தோட்டத்தில், சருகின்மேல் காலடி பட்டது.

அதே நடை. அவசரம் இல்லாத நடை. ஓடினால் பத்தடி. நாற்பது வருடம் காத்திருந்தது அந்தப் பத்தடிக்காகத்தான். அவள் கால் தானாக அசைந்தது. மடியில் குழந்தை சிணுங்கி அவள் மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிறு நிறைந்து தூங்கும் குழந்தை.

அவள் எழுந்திருக்கவில்லை. தோட்டத்துப் பக்கம் திரும்பாமல் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. போய்விடுவார், போகட்டும் என்று நினைத்தாள். காலடி போகவில்லை. கற்கள் கிடந்த இடைவெளியைத் தாண்டி, முற்றத்துக்கு வந்து, அவளுக்கு மிக அருகில் நின்றது. பிறகு காற்று திரும்பியது, காலடியும் அதனோடு போயிற்று.

அவள் ஏக்கம் அத்தோடு தீர்ந்ததா என்றால், தீரவில்லை. கூடத்தான் செய்தது. ஆனால் அதைத் தாங்கிக்கொண்டு தனியாக உட்காரும் வழக்கம் அவளுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல அத்தியடிக்குப் போனாள். மரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு பழத்தைப் பிட்டாள். உள்ளே அந்தச் செந்நிற இழைகள் அத்தனையும் இருந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மற்ற மரங்கள் எப்போது பேச்சை விட்டன என்பது வேறு கதை. அத்தி ஊமையானது இப்படித்தான். அது தன் பூவை யார் கண்ணிலும் காட்டாமல் பழத்துக்குள்ளேயே வைத்துக் கொடுப்பதும், ஒரேயடியாகப் பழுக்காமல் நாளுக்கு நாலைந்தாகப் பழுப்பதும், பெத்-ஏலாவில் எமீமாளின் மதில் இறங்கிய அந்த வருடத்திலிருந்துதான்.