டின்னில் சிரித்த பிள்ளை

திருப்பூரில் ஒரு லைன் வீட்டுச் சமையலறை அலமாரியில் சத்துப் பவுடர் டின் ஒன்று குடியிருந்தது. கர்ப்பிணிகளுக்கென்றே செய்த பவுடர். டின்னின் முன்பக்கத்தில் கன்னம் உப்பிய குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அது வெறும் படமல்ல, தான் கொடுத்த வாக்கு என்றே டின் நினைத்திருந்தது.

அதை வாங்கி வந்தவள் மாராத்தாள். அவளுடைய மருமகள் பூங்கோதை பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். முழுகாமல் இருந்தாள். காலையும் மாலையும் பாலில் இரண்டு கரண்டி பவுடர் விழும்.

ஆறாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து, கர்ப்பகாலச் சர்க்கரை என்றார்கள். அன்றைக்கே சர்க்கரை டப்பா பரணுக்கு ஏறியது. அது இருந்த இடத்தில், விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையை அளக்கும் சின்ன மெஷின் வந்து உட்கார்ந்தது.

என்னென்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டபோது, பூங்கோதை இட்லியிலிருந்து மாத்திரை வரை ஒப்பித்தாள். டின்னைச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. அது சாப்பாடும் அல்ல, மருந்தும் அல்ல, சத்து. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வீட்டுக்கு வந்ததும் மாராத்தாளுக்கு வேறு கவலை. "சக்கரை போடாத பால் எப்படி அம்மிணி தொண்டையில எறங்கும்? இதையே ஒரு கரண்டி சேத்திப் போட்டுக்கலாம்" என்றாள். டின்னுக்குத் தலைகால் புரியவில்லை. பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

எட்டாம் மாதம் ஸ்கேன் எடுத்துவிட்டு இருவரும் வந்தார்கள். மாராத்தாள் முகத்தில் சிரிப்பு. பிள்ளை மாதத்துக்கு மீறி வளர்ந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். பூங்கோதை அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பிள்ளையின் வயிற்றில் கொழுப்பு சேருகிறதாம். இப்படியே போனால் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம், ஆபரேஷன் வரை போகலாம். பிறந்த பிறகு பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டி வரும்.

பெரிதாக இருப்பது ஒரு குறையா என்று மாராத்தாள் கேட்டாள். டின்னும் அதையேதான் நினைத்தது. படத்தில் இருப்பது போலத்தானே பிள்ளை வளர்கிறது? இதற்கு ஏன் டாக்டர் முகம் சுளிக்க வேண்டும்?

டின் அலமாரியில் அக்கம்பக்கத்தில் விசாரித்தது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்ந்து உள்ளே போகாத பங்காளிகள். ஒன்று காலையில், மற்றது இரவில். பிள்ளையை வளர்ப்பது நானா நீயா என்று நேற்று வரை சண்டை போட்டவை. இன்றைக்கு இரண்டும் கழன்றுகொண்டன.

"நான் ரத்தத்துக்கு வந்தவன். எடையைப் பத்தி என்னைக் கேக்காதே" என்றது இரும்பு. தனக்கு எலும்போடு சரி என்றது கால்சியம்.

டின் மெஷினிடம் திரும்பியது. "அவ சோத்தையும் கொறைச்சுட்டா, இனிப்பையும் தொடறதில்லை. அப்புறம் ஏன் உன் எண் ஏறுது?"

"எண் சொல்றதுதான் என் வேலை. காரணம் எனக்குத் தெரியாது."

பரணிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. சர்க்கரை.

"என்னைத் தேடறீங்களா? நான் எங்கேயும் போகலையே."

"நீதான் பரண்ல கிடக்கறயே" என்றது டின்.

"டப்பாதான் இங்கே. உன்னைக் கம்பெனியில அடைக்கும்போதே என்னையும் சேத்துத்தான் அடைச்சாங்க. உன் முதுகுல பொடி எழுத்துல எம்பேரு இருக்கு. முதுகை யாரு பாக்கறாங்க?"

சர்க்கரையே மேலும் சொன்னது. தாயின் ரத்தத்தில் தான் மிஞ்சினால் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளையிடம் போய்விடுமாம். வழிமறிக்க அங்கே ஆளில்லையாம். வந்ததைப் பிள்ளை என்ன செய்யும்? கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கும்.

"அப்போ பிள்ளையைக் கெடுத்தது நானா?"

"உன் ஒருத்தனாலதான்னு நான் சொல்லலை. என்னைக் கட்டி மேய்க்கற தெம்பு அவ உடம்புக்கே கொறைஞ்சு போச்சு. அதுல உன் பங்கு எவ்வளவுன்னு எனக்கே தெரியாது."

யாருக்கும் தெரியவில்லை. டின்னிடம் புரதம் இருக்கிறது, வைட்டமின் இருக்கிறது; அதுவும் பொய்யில்லை. ஒரே கரண்டியில் நல்லதும் போகிறது, மற்றதும் போகிறது. பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? எவ்வளவு யோசித்தும் டின்னுக்குப் பிடிபடவில்லை. தெரிகிறவரை சும்மா இருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

சாயங்காலம் பால் பொங்கியது. மாராத்தாள் டின்னை எடுத்து மூடியைத் திருகினாள். டின் மூச்சைப் பிடித்துக்கொண்டது. துணியைச் சுற்றித் திருகினாள், கரண்டிக் காம்பால் நெம்பினாள், தரையில் தட்டினாள். டின் நசுங்கியது, மூடி அசையவில்லை.

அவள் டின்னை ஓரமாக வைத்துவிட்டு மருமகளின் தலையைத் தடவினாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு வெறும் பாலைக் குடிச்சுக்க கண்ணு. எம் பையன் வரும்போது வேற டின்னு வாங்கியாறச் சொல்றேன். இதைவிடப் பெரிசா. பிள்ளைக்குச் சத்து கொறையக் கூடாது பாரு."