சைன் முப்பது

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. அங்கே கணக்கு வாத்தியார் சுப்பாராஜ் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. காம்பஸ் இல்லாமல் வெறும் கையால் கரும்பலகையில் வட்டம் போடுவார். அளந்து பார்த்தால் மயிரிழை பிசகாது. இருபத்துநாலு வருஷத்தில் அவரிடம் படித்த ஒரு பிள்ளையும் கணக்கில் தோற்றதில்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும். தெரிந்தால் என்ன, பாடுபட்டுச் சேர்த்த பெருமைதானே.

அந்த வருஷம் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்க, சனிக்கிழமைதோறும் தூத்துக்குடியிலிருந்து ரெஜினா டீச்சர் வந்தார். சுப்பாராஜின் மகள் வயசுதான் இருக்கும். முதல் நாளே சுப்பாராஜ் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். மற்ற வாத்தியார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. எனக்குத் தெரியாததைச் சொல்லித்தர்றவங்க எனக்குக் குரு," என்றார் சுப்பாராஜ்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைத் தானே கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போனார். சைன் முப்பது எவ்வளவு என்று மெஷினிடம் கேட்டுத் தட்டினார். முப்பது டிகிரிக்கு சைன் அரை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

திரையில் மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு எட்டு என்று வந்தது.

மறுபடி தட்டினார். அதே விடை. பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. சுப்பாராஜின் காது சூடாகிவிட்டது.

"மெஷின் தப்பு," என்றார். சுவிட்சை அணைத்து, அறையைப் பூட்டிவிட்டு, நேரே தலைமையாசிரியையிடம் போனார்.

"தப்புத் தப்பா விடை சொல்லுதும்மா. புள்ளைகளக் கெடுத்துரும். திருப்பி அனுப்பிருங்க."

கணக்கு விஷயத்தில் அவர் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. கடிதம் தயாராகிவிட்டது, திங்கட்கிழமை தபாலில் போய்விடும். போனால் மெஷினும் போன மாதிரிதான். எங்களுக்குக் கொடுங்கள் என்று நாலு பள்ளிகள் வரிசையில் நின்றன.

ஆனால் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை ரெஜினா டீச்சர் வந்ததும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"இப்ப நீங்களே சொல்லுங்க டீச்சர். மெஷின் தப்பா, நான் தப்பா?"

"அன்னைக்கு இருந்த புள்ளைகளக் கூப்பிடுங்க, சார்."

"அவளுக எதுக்கு? ஒருதரம் பட்டது போதாதா?"

"உங்களுக்கு விடை வேணுமா, மானம் வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"அப்ப கூப்பிடுங்க."

ஸ்பெஷல் கிளாசுக்கு வந்திருந்த பிள்ளைகள் வந்து நின்றார்கள். டீச்சர் ஆளுக்கொரு கிராஃப் தாளைக் கொடுத்தார். பிறகு மெஷினில் சைன் பூஜ்யம், சைன் ஒன்று, சைன் இரண்டு என்று வரிசையாக ஏழுவரை தட்டினார். வந்த விடைகளைப் பிள்ளைகள் புள்ளியாக வைத்துக் கோட்டால் இணைத்தார்கள். சுப்பாராஜும் ஒரு தாளை வாங்கி, பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்து வரைந்தார்.

கோடு ஏறியது, இறங்கியது. மூன்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பூஜ்யத்தைத் தொட்டுக் கீழே போனது.

பக்கத்தில் இருந்த பேச்சித்தாயின் பென்சில் அந்த இடத்தில் நின்றது. அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

சுப்பாராஜ் அவள் தாளைப் பார்த்தார். மூன்று புள்ளி ஒன்று நான்கு. பை. அரை வட்டத்துக்கு நூற்றெண்பது டிகிரி என்றும் சொல்லலாம், பை ரேடியன் என்றும் சொல்லலாம் என்று போன மாதம் அவரே தொண்டை வறள நடத்திய பாடம். மெஷின் கோணத்தை ரேடியனில் எடுத்துக்கொள்கிறது. இவர் டிகிரியில் நினைத்துக்கொண்டு முப்பதைத் தட்டியிருக்கிறார்.

அவர் எழுந்து நின்றார்.

"மெஷின் தப்பில்ல. சார்தான் தப்பு. அது ரேடியன்ல கணக்குப் போடுது." பேச்சித்தாயிடம் திரும்பினார். "இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அவள் கையிலிருந்த பென்சிலை உருட்டினாள்.

"சொல்லு தாயி. திட்ட மாட்டேன்."

"செவ்வாக்கிழமையே தெரியும், சார்."

சுப்பாராஜுக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம், என்ன சொல்ல, நெஞ்சு விம்மிவிட்டது. கோடு வரையாமல், கிராஃப் இல்லாமல், ஒரே ஒரு தப்பான விடையைப் பார்த்துப் பிடித்திருக்கிறாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போகிறவரின் மகள். கணக்கில் அவள் படித்ததெல்லாம் அவரிடம்தான்.

கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்லித் தலைமையாசிரியைக்கு ஆள் அனுப்பினார். பிள்ளைகள் கலைந்து போனார்கள். சுப்பாராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை, அறைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தார்.

"பாத்தீங்களா டீச்சர் எம் புள்ளைய? வாத்தியாருக்கு நாலு நாளு முந்திக் கண்டுபிடிச்சிருக்கா. இருபத்துநாலு வருஷத்துல இப்பிடி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்ல."

"எனக்கும் பெருமையாத்தான் இருக்கு, சார்."

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். இப்பிடிப்பட்ட புள்ளைக இருக்கிற வகுப்புக்கு இந்த மெஷின் எதுக்கு?"

ரெஜினா டீச்சர் மெஷினுக்குத் துணி உறை போட்டு மூடிக்கொண்டே சொன்னார்.

"செவ்வாக்கிழமை நீங்க தப்புன்னு சொன்னப்ப, இந்த ரூம்ல உங்களுக்குப் பயப்படாம, விடைய மாத்தாம நின்னது இது ஒண்ணுதானே, சார்."