தெற்குச் சாரி

ஊர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பாதி ஊர் மிஞ்சுமா என்பதுதான் அந்தக் கார்த்திகை மாதத்தில் கேள்வி.

கற்குளம் என்று பெயர். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் வணிகர்கள் அமைத்த ஒரே தெரு. கிழக்கு மேற்காக நூல் பிடித்த மாதிரி ஓடும். இரண்டு பக்கமும் கல்தூண் நிறுத்திய கடை மண்டபங்கள். வணிகர்கள் போன பிறகு வந்தவர்கள் தூணுக்கும் தூணுக்கும் நடுவே செங்கல் வைத்து அடைத்து, கதவு போட்டுக் குடியிருந்துவிட்டார்கள். வடக்குச் சாரியில் இருபது வீடு. எதிரே தெற்குச் சாரியில் இருபது வீடு.

சாலையை அகலமாக்க ஒரு சாரி போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. எது பழையதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை இடிப்பது என்று ஏற்பாடு. அதிகாரி எழுதிய குறிப்பில், வடக்குச் சாரி மிகப் பழையது என்று இருந்தது. தெற்குச் சாரியில் குறிப்பிடும்படி ஒன்றும் தென்படவில்லை என்றும் இருந்தது.

தெற்குச் சாரிக்காரர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் அதிகாரியிடம் முறையிட்டார்கள். போன் படத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே என்று அங்கே ஒருவர் ஆட்சேபம் சொன்னார். சரி, நெகட்டிவோடு வாருங்கள், திங்கட்கிழமை காலை வரை பார்ப்பேன் என்று அதிகாரி முடித்துக்கொண்டார்.

பக்கத்து டவுனில் பிரமு என்று ஒருத்தர் ஸ்டூடியோ வைத்திருந்தார். இன்னமும் பிலிமில் படம் எடுக்கச் சொல்லிக் கொடுப்பவர். அவரிடம் கொம்பையா மூன்று வருஷமாகப் படித்துவந்தார். குரு, சிஷ்யர் என்றதும் தாடியைக் குருவுக்கு ஒட்டிப் பார்க்காதீர்கள். பிரமு நாற்பது வயதுப் பெண். தாடி சிஷ்யருக்குத்தான். மின்கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஐம்பத்தெட்டு வயது.

தெற்குச் சாரி ஆட்கள் இவர்களைத் தேடி வந்தார்கள். பிரமுவின் பிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ரோல் இருந்தது. பன்னிரண்டு படம் விழும். அதை எடுத்துக் கொம்பையா கையில் கொடுத்து, நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றார் பிரமு.

சனிக்கிழமை விடியும்போதே கொம்பையா காமிரா முக்காலியைத் தெற்குச் சாரி ஓரமாக, தெருவும் வானமும் சேர்ந்து விழும்படி ஊன்றிவிட்டார். காமிராவுக்கு ஆரஞ்சு நிற ஃபில்டரை மாட்டினார். வானத்தின் நீலத்தைக் கறுப்பாக்கி மேகத்தைப் பஞ்சு மாதிரி நிறுத்திக் காட்டுகிற கண்ணாடி அது. அண்ணாந்து பார்த்தார். நீலமே இல்லை. ஈயத் தகட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரே மூட்டம்.

காத்திருந்தார். நின்றபடியே இட்லி சாப்பிட்டார். கொட்டுகிற மழையில் கம்பத்து உச்சியில் நின்று கம்பி கட்டியவன், ஒரு வெயிலுக்காக நிற்கமாட்டேனா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தெற்குச் சாரியில் நடு வீடு முப்பிடாதியுடையது. வாசல் தூணை ஒட்டித் தையல் மிஷின் போட்டிருப்பாள். அந்தத் தூணில் ஒரு தராசு செதுக்கியிருக்கும். தராசின் முள்ளில்தான் அவள் அளவு நாடாவைத் தொங்கவிடுவாள். பிரமு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பிள்ளைகளின் யூனிபார்ம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முப்பிடாதிதான் பேச்சுக் கொடுத்தாள்.

"வெயிலுக்குக் காத்துக்கெடக்க ஆம்பளைய இப்பத்தான் பாக்கேன். நாங்கன்னா துணி காயப்போடக் காத்துக்கெடப்போம். அண்ணாச்சி எதைக் காயப்போடப் போறியளோ."

"வரும்மா. வந்தா அஞ்சு நிமிசம் போதும்" என்றார் கொம்பையா.

வரவில்லை. சாயங்காலம் ஒரு படமும் எடுக்காமல் முக்காலியை மடக்கினார்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே விடிந்தது. பத்து மணிக்கு மேற்கே கொஞ்சம் வெளுத்தது; ஃபில்டரைத் துடைத்துத் தயாரானார். மறுபடி மூடிக்கொண்டது. மத்தியானம் தூறல் போட்டது. காமிராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் அவரைக் குத்தியது.

மூன்று மணிக்குப் பிரமுவிடம் வந்து நின்றார்.

"இன்னைக்கும் வெயில் வரலைன்னா என்ன செய்ய, டீச்சர்?"

பிரமு நூலைக் கடித்து அறுத்தார்.

"உள்ள வாங்க, அண்ணாச்சி. ஒரு படம் பாக்கலாம்."

உள்ளே சுவரில் ஓர் அரிசி ஆலையின் காலண்டர் தொங்கியது. அதில் இருந்தது கொம்பையா எடுத்த படம். போன வருஷம் தை மாதம் காலை வெயிலில் இதே தெருவை எடுத்திருந்தார். மாவட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம். கறுத்த வானத்தில் மேகம் தனித்தனியாக நின்றது. வடக்குச் சாரித் தூண்கள் ஒவ்வொன்றும் நேற்றுச் செதுக்கின மாதிரி மின்னின. அது இந்த வீட்டிலும் மாட்டியிருக்கிறது என்று கண்டதில் அவருக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது.

"முப்பிடாதி, இதுல உன் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார் பிரமு.

முப்பிடாதி எழுந்து வந்தாள். கையில் இருந்த ஊசியின் நுனியைப் படத்தின் இடது பக்கத்தில் வைத்தாள். அங்கே மேலிருந்து கீழ்வரை மையைக் கொட்டினாற்போல் இருந்தது.

"இந்தக் கறுப்புக்குள்ளதான், அக்கா. வருசம் பூரா தேடிட்டேன். என் வீட்டுல தொங்குது, என் வீடு மட்டும் இல்ல."

"தையிலயும் சரி, இந்தக் கார்த்திகையிலயும் சரி, சூரியன் தெக்கால சாஞ்சு போகும். இந்தச் சாரிக்கு முதுகைத்தான் காட்டும்" என்றார் பிரமு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதிகாரியோட பைல்லயும் இந்தப் படம்தான் இருக்கு, அண்ணாச்சி. அவரு ஜீப்பை விட்டு இறங்கல. இதைப் பாத்துத்தான் எழுதுனாரு."

கொம்பையா காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். தாடியில் தூறல் தண்ணீர் இன்னும் சொட்டியது.

"நேத்தே சொல்லியிருக்கலாமே, டீச்சர்."

"நேத்து நீங்க கேக்கல."

அவர் வெளியே வந்தார். மூட்டம் அப்படியேதான் இருந்தது. தெருவில் எங்கேயும் நிழல் இல்லை. வடக்குச் சாரி ஒரு நிறம், தெற்குச் சாரி ஒரு நிறம் என்று இல்லாமல் இரண்டும் எதிரெதிரே சமமாக உட்கார்ந்திருந்தன. இரண்டு நாளாகத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த தூணை அப்போதுதான் பார்த்தார். தராசின் கோல் ஒரு விரல் கனம் இருந்தது. ஒரு தட்டில் சின்னதாக ஏதோ செதுக்கியிருந்தது. கிட்டே போய்க் குனிந்தார். மிளகுக் குவியல். ஒவ்வொரு மணியும் தனித்தனியாக இருந்தது.

பக்கத்துத் தூணில் ஒரு படகு. அதற்கு அடுத்ததில், சுண்ணாம்புப் பூச்சுக்குக் கீழே, ஒட்டகம் மாதிரி ஒன்று.

ஃபில்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். முக்காலியைத் தூக்கி வந்து, வடக்குச் சாரிக்கு முதுகைக் காட்டி ஊன்றினார். காலையில் வெயிலுக்காக நின்ற அதே நிற்பு. ஆள் மட்டும் திரும்பியிருந்தார். முப்பிடாதியை நாடாவை எடுக்கச் சொன்னார். பிறகு, வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

வெளிச்சம் அளக்கிற மீட்டரைக் கழுத்திலிருந்து எடுத்தார். மூன்று வருஷப் பழக்கம், கை தானாக மேலே போயிற்று. மூட்டத்தின் வெளுப்பைப் பார்த்ததும் முள் துள்ளி மேலேறியது. அந்தக் கணக்கையே காமிராவில் வைக்கப் போனார். அதில் எடுத்தால் வானம் நிற்கும், தூண் மறுபடி கறுத்துப் போகும்.

பிரமு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கையை அப்படியே கீழே இறக்கி, மீட்டரைத் தூணின் அடியில், தரையோடு ஒட்டினாற்போல் காட்டவைத்தார்.

முள் விழுந்தது.

கொம்பையா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தெருக்காரர்கள் மறுபடி வாசலுக்கு வந்திருந்தார்கள். நாலரை மணி வெளிச்சம் இறங்க ஆரம்பித்திருந்தது.

"இந்தக் கணக்குல எடுத்தா வானம் வெளுத்துப் போயிருமே, டீச்சர். ஒரு மேகம்கூட நிக்காது. வெறும் தாளாத்தான் இருக்கும்."

பிரமு அவர் கையை விட்டார்.

"வானத்தை இடிக்க யாரும் வரல, அண்ணாச்சி."