படத்துக்காகக் காதை அடக்கிய மான்

குளக்கரையில் செம்பி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு மேய்ந்துகொண்டிருந்தது. மழை விட்ட சமயம். கொசுவும் மாட்டு ஈயும் மொய்மொய்யென்று மொய்த்தன. செம்பி காதை விசிறும், வாலை அடிக்கும், காலை உதறும். குட்டியும் அப்படியே செய்யும். மானின் பிழைப்பே அந்தக் காதில்தான் இருக்கிறது. ஒரு விசிறலில் கொசுவை விரட்டும், அடுத்த விசிறலில் பின்னால் இருக்கும் புதரின் சலசலப்பைக் கேட்கும்.

அன்று எதிர்க்கரையில் ஒரு மனிதன் கேமராவோடு வந்து உட்கார்ந்தான். விவரமான ஆள். முழுக்கைச் சட்டை, தொப்பியிலிருந்து தொங்கும் வலை, புறங்கையெல்லாம் வேப்பெண்ணெய். கொசுக்கள் மோதிப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பின.

அதில் ஒரு கொசு பலே கைகாரி. நேராகச் செம்பியின் காதோரம் வந்தது.

"அக்கா, அந்த ஆளு உங்களைத்தான் படம் புடிக்க வந்திருக்கான்!"

"என்னையா? நெசமாவா?"

"பின்னே? இப்படிப் புள்ளி வேற யாருக்கு இருக்கு! ஆனா காதை ஆட்டினா படம் மங்கிப்போகும். அப்புறம் மேட்டுல மேயுற உங்க ஓரகத்தியைத் தேடிப் போயிடுவான்."

அது சுருக்கென்று தைத்தது. செம்பி கழுத்தை நிமிர்த்தி, இரண்டு காதையும் கேமராவைப் பார்க்க விறைத்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான், கொசுக்கூட்டம் மொத்தமும் பந்தியில் உட்கார்ந்தது.

"அம்மா, கடிக்குதும்மா!"

"பல்லைக் கடிச்சிக்கிட்டு நில்லு! நீயும் படத்துல இருக்கே. காதை ஆட்டினே, தோலை உரிச்சிடுவேன்!"

குட்டி கண்ணீர் வழிய நின்றது. பாவம், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

பின்னால் சருகு நொறுங்கியது.

"அம்மா, பின்னாடி என்னவோ..."

"மூச்சு விடாதே!"

சிறுத்தை பாய்ந்தது. செம்பி துள்ளித் தண்ணீரில் விழுந்து, திரும்பிப் பார்த்தது. குட்டியின் கழுத்து சிறுத்தையின் வாயில் இருந்தது. குட்டியின் காதுகள் அப்போதும் ஆடாமல் விறைத்தே நின்றன.

எதிர்க்கரையில் கேமரா படபடவென்று அடித்தது. அந்தப் படத்தில் சிறுத்தை இருந்தது, குட்டி இருந்தது. செம்பி இல்லை.

"பாவி! என் புள்ளையைக் கொன்னுட்டியே!" என்று செம்பி கதறியது.

கொசு வயிறு புடைத்துப் பறக்க முடியாமல் பறந்தது. "நானா? பசிக்குதேன்னு ஒரு பேச்சு சொன்னேன். காதை அடக்கினது நீங்கதானே அக்கா!"

சொல்லிவிட்டு, ஆசை அடங்காமல் சிறுத்தையின் காதில் போய் உட்கார்ந்தது. சிறுத்தை தின்பதை நிறுத்தவில்லை. காதை மட்டும் படக்கென்று ஒரு விசிறு விசிறியது; கொசு தெறித்து விழுந்தது.

பிறர் கண்ணுக்கு அழகாக நிற்க ஆசைப்பட்டு நம் காவலைக் கைவிட்டால், நம்மை நம்பி நிற்பவரே அதற்குப் பலியாவார்.