தாயத்துக் கூடை

ஜமீன் கோழிகளைப் பார்த்துவந்த சடைச்சியின் வேலைக்கு உலை வைத்தார் மந்திரவாதி மாசானமுத்து.

"தாயத்துக் கட்டின கூடையிலே பன்னிரண்டு முட்டைக்குப் பத்துக் குஞ்சு. கட்டாததிலே எட்டுத்தான். இனி இவ எதுக்கு எசமான்?"

"பொய்யென்று காட்டு, இல்லையேல் கிளம்பு" என்றார் ஜமீன்தார் சடைச்சியிடம்.

சடைச்சி பணிவாகத் தாயத்தை வாங்கிப்போய், இரண்டு கூடைகளிலும் பன்னிரண்டு பன்னிரண்டு முட்டைகளை அடைவைத்தாள். தாயத்து எதில் என்று மூச்சுவிடவில்லை.

இருபத்தோராம் நாள் ஒரு கூடையில் பதினொரு குஞ்சு, மற்றதில் எட்டு.

"பதினொன்னு பொரிச்சதுதான் என் தாயத்துக் கூடை!" என்று துள்ளினார் மாசானமுத்து.

சடைச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே தாயத்து.

"மூணு வாரமா இது என் இடுப்பிலேதான் கெடந்துச்சு, சாமி. இன்னைக்கு மூணு குஞ்சைக் கூட்டிக் குடுத்தவர் யாரோ, அன்னைக்கு ரெண்டைக் குடுத்தவரும் அவரேதான்!"