மரங்கொத்தி செய்த நாலு பலகை

அந்தக் காலத்தில், பறவையும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, மரங்கொத்தி மரத்தில் குடியிருக்கவில்லை. பூவாத்தாள் வீட்டு ஓலைக் கூரையில்தான் கூடு கட்டியிருந்தது. அதன் தலைக்கொண்டை அப்போது வெறும் சாம்பல் நிறம். பெட்டை மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது.

பூவாத்தாளுக்கோ பெரிய தலைவலி. அரிவாள்மனை என்ற ஒன்று உலகத்துக்கு வராத காலம் அது. கருங்கல்லின் மேல் வைத்துத்தான் காய் நறுக்க வேண்டும். நாலு வெண்டைக்காய்க்குள் கத்தி மழுங்கிவிடும். கத்தரிக்காய் உருண்டு போய்க் கோழி முன்னால் நிற்கும். வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து. நாத்தனார் அருக்காணி சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறாள். அருக்காணி, சோற்றில் ஒரு கல் கிடந்தால் ஏழு ஊருக்குச் சொல்கிறவள்.

"காய் நறுக்க ஒரு மரப்பலகை இருந்தால் எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றாள் பூவாத்தாள்.

மரங்கொத்தி கூரையிலிருந்து எட்டிப் பார்த்தது. "நான் செய்து தர்றேன் அக்கா."

"உனக்குத் தச்சு வேலை தெரியுமா?"

"மரம். கொத்தணும். இதிலே தெரிய என்ன இருக்கு?"

கூட்டுக்குள்ளிருந்து பெட்டை, "ஐயோ" என்றது.

சோறு பொங்குவதற்குள் முருங்கைப் பலகை ஒன்று வந்து விழுந்தது. பூவாத்தாள் பூசணிக்காயை வைத்து ஒரு போடு போட்டாள். பலகை இரண்டாகப் போயிற்று. பூசணிக்காய் அப்படியே இருந்தது.

"பூசணிக்குத் திமிர் அக்கா," என்றது மரங்கொத்தி.

அடுத்தது வேப்பம்பலகை. உடையவில்லை. ஆனால் அன்றைய பொரியலை மூன்று வாய் தின்ற புருஷன், கைகழுவிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டான்.

"கசப்பு வயிற்றுக்கு நல்லது அக்கா."

"உன் வாயிலே போட்டுக்கோ!"

மூன்றாவதாக, அன்று காலையில் வெட்டிய மாமரத்தில் ஒரு பலகை. கழுவி வெயிலில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் முறம் மாதிரி குழிந்து கிடந்தது. வைத்த வெங்காயமெல்லாம் நடுவில் போய்க் கூட்டம் போட்டன.

"பலகை கேட்டேன்டா, படகு கேட்கலை!" பூவாத்தாள் அதைச் சுவரோரம் வீசினாள். "கடைசியாகச் சொல்றேன். வெள்ளிக்கிழமை அருக்காணி முன்னால் என் மானம் போச்சு, அப்புறம் இந்தக் கூரையிலே உனக்கு இடம் கிடையாது."

பெட்டை முட்டைகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. "ஏனுங்க, குஞ்சு பொரிய இன்னும் நாலஞ்சு நாள் இருக்கு. முட்டையைத் தூக்கிட்டு நான் எங்கே போவேன்?"

"இனிமேல் தப்பே வராது. மெத்து மரம் ஆகாது, கசப்பு மரம் ஆகாது, பச்சை மரம் ஆகாது. எல்லாம் படிச்சாச்சு."

"நாலாவது ஏதாவது இருக்கப் போகுது."

"நாலாவதுன்னு ஒண்ணு கிடையாது!"

ஊர் எல்லையில் ஒரு கிழட்டுப் புளியமரம். போன வருசக் காற்றில் முறிந்த அதன் கிளை நிழலிலேயே கிடந்து காய்ந்திருந்தது. மரங்கொத்தி அதில் ஒரு சாண் உயரத்துக்குக் கனத்த கட்டையாகவே செதுக்கி, ஆற்று மணலால் தேய்த்து, எண்ணெயும் பூசியது. கண் பட்டுவிடும் போல மின்னியது கட்டை.

பெட்டை காதைச் சாய்த்தது. "உள்ளே ஏதோ முணுமுணுக்குதுங்க. ஒரு தட்டுத் தட்டிப் பாருங்களேன்."

"முடித்த வேலையைத் தட்டிப் பார்த்தால் தச்சனுக்கு அவமானம்," என்று சொல்லி, தட்டாமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. வாசல் நிறையச் சொந்தம். அருக்காணியே கத்தியை எடுத்தாள். "அட, கட்டை நல்லாயிருக்கே அண்ணி!"

அருக்காணி வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை! அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த பூவாத்தாள் பூரித்துப் போனாள்.

கத்தி இறங்கியது. 'டொக்'கென்று, உள்ளே ஒன்றுமில்லாத பொள்ளல் சத்தம். கட்டை வாய் பிளந்தது. உள்ளேயிருந்து எறும்பு, எறும்பு, எறும்பு! பூசணியில் ஏறி, சோற்றுப் பானையில் ஏறி, அருக்காணியின் சேலைக்குள்ளும் ஏறிவிட்டது. அவள் வாசலைச் சுற்றிச் சுற்றி ஆடினாள்.

"விருந்துக்குக் கூப்பிட்டீங்களா அண்ணி, இல்லை என்னையே விருந்தா வச்சீங்களா?"

பூவாத்தாள் கையிலிருந்த மிளகாய் விழுது பறந்தது. கூரையிலிருந்து எட்டிப் பார்த்த மரங்கொத்தியின் உச்சந்தலையில் பொத்தென்று அப்பியது.

"போடா! அந்தப் பொள்ளல் மரத்திலேயே போய்க் குடியிரு!"

எரிகிற தலையோடு மரங்கொத்தி புளியமரத்துக்குப் பறந்தது. வழியில், விழுதோடு வந்து அலகில் ஒட்டியிருந்த எறும்பு ஒன்று வாய்க்குள் போனது. அட, ருசி! மரத்தில் ஒட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தட்டிப் பார்த்தது. டொக், டொக். காதைச் சாய்த்தது. உள்ளே வீடளவு வெற்றிடம். அந்த இடத்தில் ஓட்டை போட்டது. காற்றும் மழையும் எட்டாத பொந்து.

பொழுது சாயும் முன்னே பூவாத்தாள் வந்தாள். கையில் அந்தக் குழிந்த மாம்பலகை. அதில் பஞ்சு, பஞ்சின் மேல் மூன்று முட்டைகள், பக்கத்தில் முறைத்தபடி பெட்டை. ஒரு முட்டைகூட உருளவில்லை.

"நீ செய்ததில் இது ஒண்ணுதான் ஒரு வேலைக்கு ஆச்சு," என்று பலகையைப் பொந்தருகே நீட்டினாள். கோபம் போகவில்லை. ஆனாலும் அவளும் பிள்ளை பெற்றவள்தானே.

அன்று முதல்தான் மரங்கொத்திக்குத் தலை சிவப்பு. எந்த மரத்தில் உட்கார்ந்தாலும் முதலில் தட்டும், காதைச் சாய்க்கும், மறுபடியும் தட்டும். ஒரு தட்டுப் போதாதா என்று நமக்குத் தோன்றும். பொந்துக்குள் இருக்கும் பெட்டைக்குப் போதாது.